கால் கப்பல்

அந்த பாஸ்டன் இல்லை. இது இந்த பாஸ்டன்.
லிங்கன்ஷயரின் முட்டைக்கோசு வெளியில்
ஒற்றைக் கோபுரத்தை உயர்த்திப் பிடித்தபடி
சேற்றாற்றின் ஓரம் நிற்கிற ஊர்.
இங்கிருந்து போனவர்கள்தான்
கடலுக்கு அந்தப்பக்கம் இன்னொன்றுக்கு இதே பெயரை வைத்தார்கள்.
எட்டாம் வகுப்பில் இதைச் சொன்னால்
"அங்கே கடையெல்லாம் பெருசா மிஸ்?" என்கிறான் லெய்ட்டன்.
என் பெயர் நல்லரத்தினம்.
ரத்தினத்தைச் சுங்கத்தில் பிடித்துக்கொண்டு
மிஸ் நல்லா என்கிறார்கள்.

சொல்லிப் பயனில்லை, செய்து காட்டுவோம் என்று
செவ்வாய்க்கிழமை வரி போட்டேன்.
ஆளுக்குப் பத்துக் காய்ந்த பட்டாணி.
பென்சில் சீவ ஒன்று, ஜன்னல் திறக்க இரண்டு.
மன்னர் கபியா.
காகித முடி கண்ணில் வழுக்க வழுக்க
ஐந்தே நிமிடத்தில் தும்மலுக்கும் வரி விதித்தாள்.
கட்ஸ்பர் எதிர்க்கவில்லை, வட்டிக்கு விட்டான்.
புரட்சி வரும் என்று காத்திருந்தேன்.
மணி அடித்தபோது வகுப்பில் பாதி அவனுக்குக் கடன்.

புதன்கிழமையைப் பற்றிப் பேச வேண்டாம்.
காகிதத்துக்கு வயதேற்ற வைத்திருந்த தேயிலைத் தண்ணீர்
நூலகக் கம்பளத்தில் இன்னும் இருக்கிறது.

வியாழக்கிழமை, விளையாட்டரங்கில் கப்பல்.
மேஃப்ளவரில் போனவர்கள் நூற்றிரண்டு பேர்.
என்னிடம் இருப்பது இருபத்தாறு.
கணக்குப் பார்த்துக் கால் கப்பலை மட்டும்
மஞ்சள் ஒட்டுநாடாவால் தரையில் வரைந்தேன்,
பாட்மின்டன் கோடுகளுக்குக் குறுக்கே.
"அறுபத்தாறு நாள். படுங்கள்."
முதலில் சிரிப்பு. யாரோ வாந்தியெடுக்கும் பாவனை.
யாருடைய முழங்கையோ யாருடைய விலாவிலோ.
மல்லாந்து கூரையைப் பார்த்தபடி தொவீதாஸ் சொன்னான்:
"நாங்க வந்த வேனில் இதைவிட நெருக்கம்.
பதினொரு பேர். ஒரு தையல் மிஷின்."
அப்புறம் யாரும் வாந்தியெடுக்கவில்லை.

ஒரு சீட்டு மட்டும் வேறு.
கரை, வாம்பனோவாக் மக்கள், என்று எழுதியிருந்தேன்.
குலுக்கலில் அது விழுந்தது எல்சி பாஸ்க்குக்கு,
ஒன்பது தலைமுறையாய் இந்தச் சேற்றை விட்டு அசையாத வீட்டுப் பெண்.
கூடைப்பந்து வளையத்தின் கீழே தனியாக நின்றாள்.
"நான் என்ன செய்யணும் மிஸ்?"
என் பாடக்குறிப்பைத் திருப்பிப் பார்த்தேன்.
கப்பலுக்கு மூன்று பக்கம்.
கரைக்கு ஒரே சொல்: காத்திருப்பார்.

"என்னை யாராவது கேட்டாங்களா?"

இந்த ஊரில் அந்தக் கேள்வி
பேருந்து நிறுத்தத்தில், பொரித்த மீன் வாங்கும் வரிசையில்
வேறு குரலில் கேட்கப்படுவதை அறிவேன்.
என் முதுகுக்குப் பின்னாலும் கேட்டிருக்கிறது.
"இல்லை எல்சி, கேட்கவில்லை."
வரலாற்றுப்படி சரியான பதில்தான்.
இருந்தும் நாக்கின் அடியில் ஒரு பட்டாணி உருண்டது.
எனக்கென்று நான் சீட்டே எழுதவில்லை என்பது
அப்போதுதான் உறைத்தது.

அவள் நடந்து வந்து நாடாவின் ஓரம் குந்தினாள்.
"அந்தத் தையல் மிஷின் இப்போ எங்கே?"
"வீட்ல. ஓடுது. சத்தம்தான் ஜாஸ்தி."
தலையாட்டிவிட்டு
நகத்தால் நாடாவின் நுனியைக் கிளப்பி
மெல்ல உரிக்கத் தொடங்கினாள்.
கப்பலை உடைக்கிறாளா, வாசல் வைக்கிறாளா?
கேட்க வாயெடுத்தேன்.
மணி.
இருபத்தைந்து பேரும் கரையேறிச் சாப்பாட்டுக்கு ஓடினார்கள்,
எல்சி அவர்களுக்கும் முன்னால்.

கப்பல் ஒரு மஞ்சள் உருண்டையாய் என் கைப்பையில்.
பசை மட்டும் தரையோடு இருந்துவிட்டது.
பராமரிப்பு பார்க்கும் டெஸ்மண்டும் நானும்
வெந்நீரும் பழந்துணியுமாக மண்டியிட்டுத் தேய்க்கிறோம்.
"அடுத்த வாரம் என்ன?"
"சுதந்திரப் போர்."
வாளியைத் தள்ளி வைத்துவிட்டு அவர் சொல்கிறார்:
"அதை வெளியே புல்லில் வைத்துக்கொள்ளுங்கள்."