வலது பக்கத்து தெர்மோஸ்டாட்

லெமுய் தீவில் கடல் வற்றினால்
படகுகள் வயிறு காட்டிப் படுத்துவிடும்.
மறுபடி நீர் வந்து தூக்க ஆறு மணி நேரம்.
அதற்குள் முடித்தாக வேண்டும்.

நேற்றிரவு ரோசமெல் செய்தி அனுப்பியிருந்தான்:
"வலது பக்கம் என் கை நுழையவில்லை."
பதினான்கு மாதத்தில் அவன் எனக்கு எழுதிய
மிக நீளமான வாக்கியம்.

படகு இன்னும் இருவர் பெயரில்தான்.
வீட்டையும் ஆடுகளையும் விறகடுப்பையும்
பிரித்துக் கொடுத்த நீதிபதி
படகை அறுக்கச் சொல்லவில்லை.
ஒற்றைப்படை வாரம் அவன் மட்டிக் கயிறு இழுப்பான்,
இரட்டைப்படை வாரம் நான் பாசி ஏற்றுவேன்.
பெட்ரோல் சரிபாதி.
பேச்சு, கணக்கு நோட்டில் மட்டும்.

எஞ்சின் மூடியைக் கழற்றினேன்.
ஆறு சிலிண்டர், பக்கத்துக்கு மூன்றாக.
பக்கத்துக்கு ஒரு தெர்மோஸ்டாட்.
உள்ளே தண்ணீர் சூடேறும்வரை கதவைச் சாத்தி வைக்கும்,
ஏறியதும் திறந்துவிடும்.
அவ்வளவுதான் அதன் உத்தியோகம்.

இடது பக்கத்தது கைக்கெட்டும் தூரம்.
அதை அவனே மாற்றியிருந்தான். குறை சொல்ல முடியாது.
வலது பக்கத்ததை அங்கே வைத்தவன்
மனிதக் கையைப் பார்த்ததே இல்லை போலும்.
மேலே வயர்க் கட்டு, குறுக்கே வடிகட்டி,
நடுவே பூனைக்குட்டி புகும் சந்து.

கையுறையை உருவி
முழங்கைவரை சமையல் எண்ணெய் தடவி
கன்னத்தை எஞ்சினில் சாய்த்து
கையை மட்டும் உள்ளே அனுப்பினேன்.
கண்ணுக்கு அங்கே வேலையில்லை.
விரல் ஒரு போல்ட்டைப் படித்தது: உப்புப் பொருக்கு.
இன்னொன்று, அதேதான்.
மூன்றாவதன் தலை, எலி கொறித்த ரொட்டி.

"பத்து."
பத்தாம் நம்பர் சாக்கெட் உள்ளங்கைக்கு வந்தது.
"நீட்டுக் கம்பி. இல்லை, குட்டை."
வந்தது.
"கண்ணாடி."
வந்தது என் பழைய கைக்கண்ணாடி,
எடுக்கவே இல்லை என்று
நீதிமன்ற வாசலில் அவன் சத்தியம் செய்த அதே கண்ணாடி.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அதில் போல்ட் நன்றாகத் தெரிந்தது.

துரு எண்ணெய் ஊற்றிக் காத்திருந்தோம்.
மழை வந்தது. இங்கே அது வராத நாள் ஏது.
தார்ப்பாயின் முக்கால்வாசி
என் தலைக்கு மேல் இருந்ததைக்
கவனிக்காதது போல் இருந்தேன்.

"முறுக்காதே, உடைந்துவிடும்."
"தெரியும்."
கால் சுற்று முன்னே, அரைக்கால் சுற்று பின்னே,
அழும் பிள்ளைக்கு ஈரச் சட்டை கழற்றுவது போல.
மூன்றாவது போல்ட்
கிறீச்சென்று ஒரு கெட்ட வார்த்தை சொல்லி
விட்டுக்கொடுத்தது.

திறந்த வாயோடு வெளியே வந்தது தெர்மோஸ்டாட்.
பல்லிடுக்கில் ஒரு மட்டி ஓட்டுச் சில்லு.

"அப்படியானால் இந்தப் பக்கம் சூடாகவே இல்லை," என்றான்.
"அந்தப் பக்கம் கொதித்துக்கொண்டே இருக்க,
இந்தப் பக்கம் இரண்டு வருடமாக..."

"கேஸ்கெட்டைக் கொடு," என்றேன்.

"முதலில் சோதிக்க வேண்டாமா?"
அதுவும் சரி.
புதியது என்பதற்காக நம்பிவிட முடியாது.
உருளைக்கிழங்கு வேகும் சட்டியில்
புதியதை நூலில் கட்டித் தொங்கவிட்டு
கேஸ் அடுப்பின் முன் குந்தினோம்.
நாற்பது. நாற்பத்தைந்து. ஒன்றுமில்லை.
ஐம்பதைத் தாண்டியதும்
முடியளவு ஒரு பிளவு.
"அதோ," என்றோம், இருவரும்.
பிறகு இருவருமே அடுப்பைப் பார்த்தோம்.

மாட்டி முடித்தபோது
கடல் எஞ்சினின் காலை நனைத்திருந்தது.
சாவி திருப்பினான்.
பக்கவாட்டில் பீச்சிய நீரில் விரல் வைத்தேன்:
குளிர், குளிர், பிறகு
வெதுவெதுப்பு.

நோட்டைத் திறந்து எழுதினான்:
தெர்மோஸ்டாட் இரண்டு. கேஸ்கெட் இரண்டு.
கூலி என்ற இடத்தில் பேனா நின்றது.
"எவ்வளவு போட?"

எழுதட்டும் என்று காத்திராமல்
கண்ணாடியை என் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு
முட்டளவு நீரில் இறங்கி நடந்தேன்.
அடுத்தது இரட்டைப்படை வாரம்.