நாற்பத்தொன்றாம் எண் பார்க்கிங்

செந்தூல் பிளாட்டின் கீழே
மைலோ பெட்டியைப் பிரித்து, காருக்கடியில் விரித்தேன்.
விடிந்தபோது ஒன்பது சொட்டு ஆயில்,
முன்சக்கரத்துக்கு ஒரு சாண் பின்னால்.

"சீல் போச்சு. கியர்பாக்ஸ் இறக்கணும்.
எண்ணூறு வெள்ளி" என்றான் ஆ கியோங்,
குனிந்துகூடப் பார்க்காமல்.
எண்ணூறு என்றால் எனக்கு
விமான நிலையத்துக்குப் பன்னிரண்டு நடை.

விழுந்த இடம் தெரியும்.
புறப்பட்ட இடம்?
ஆறிய எஞ்சினை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து
மகளின் பவுடர் டப்பாவை
அதன் முதுகில் கவிழ்த்தேன்.
கல்யாண வீட்டு வாசனையோடு
பத்துமலை வரை போய்த் திரும்பினோம்
நானும் சாகாவும்.

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பார்க்கிறேன்:
வெள்ளையில் ஒரு பழுப்புக் கோடு.
விரல் அதைப் பிடித்து மேலே, இன்னும் மேலே போனால்
வால்வு மூடியின் பின்மூலை.
அங்கே கசிந்து, எஞ்சின் முதுகில் வழிந்து,
பாவம், கியர்பாக்ஸ்மேல் பழி போட்டிருக்கிறது.

பழைய கேஸ்கெட்
முறுக்கு மாதிரி கையில் ஒடிந்தது.
புதியது முப்பத்திரண்டு வெள்ளி.
மூலைகளில் பட்டாணி அளவு சிலிகான்.
போல்ட்டுகளைக் குறுக்கு மறுக்காக
இதற்குக் கொஞ்சம், அதற்குக் கொஞ்சம்.
கடைசி போல்ட்டில் ஆ கியோங் ஞாபகம் வந்தது.
அடக்கிக்கொண்டேன்,
அலுமினியம், மரை போய்விடும்.

மறுநாள் மதியம்
சவாரி முடித்து, புது அட்டையைச் செருகி,
ரொட்டி சானாய் தின்றுவிட்டு வந்தால்
நடுவில் ஈரம்.

வயிறு கலங்கியது.
தொட்டேன். முகர்ந்தேன்.
நாக்கு நுனியிலும் வைத்துப் பார்த்தேன்.
ஏர்கான் தண்ணீர்.

மூன்றாம் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பரிமேலம்மா
எல்லாவற்றையும் பார்த்துவிட்டு
ஒன்றும் கேட்கவில்லை.