ஆயுள் எண்

விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டம்:
முன்பு படித்தது என்ன?
இறையியல் என்று எழுதினேன்.
யாரும் சிரிக்கவில்லை.
எந்தப் பட்டமானாலும் சரி என்று
அச்சடித்தே வைத்திருந்தார்கள்.

பாங்கோரில் செப்டம்பர் மழை
குடையை மதிக்காது,
பக்கவாட்டில் வரும்.
முதல் நாள் ஆய்வகத்தில்
ஈரக் காலணியோடு பதினோரு பேர்:
ஓபோ வாசித்துக்கொண்டிருந்த ஷோனெட்,
வரலாறு படித்துவிட்டுச் செம்மறி ஏலம் விட்ட யோலோ,
கடற்பாசிகளை ஆராய்ந்து சலித்த க்வென்னோ,
தத்துவப் பட்டத்தோடு பீட்சா கொண்டுபோன ஒசாகியே,
நாற்பத்தொரு வயதில் நான், ஹெலெத்.
நான் வேலை பார்த்த ஆலயத்தை விற்றுவிட்டார்கள்.
இப்போது அங்கே
பாறையேறப் பழகும் சுவர்.

முதல் வாரம் வடம் முடைதல்.
வெள்ளாரஞ்சு, ஆரஞ்சு, வெண்பச்சை, நீலம்,
வெண்ணீலம், பச்சை, வெண்பழுப்பு, பழுப்பு.
ஹீப்ரு வினைச்சொல் ஒப்பித்த அதே நாக்கால்
பேருந்து நிறுத்தத்தில் ஒப்பித்தேன்.
இடுக்கி கடித்த முதல் முனை
சோதனைப் பெட்டியில் ஏழு விளக்கு ஏற்றியது.
எட்டாவது ஏறவில்லை.
வெட்டு. மறுபடி.
வெட்டு.
சாயங்காலத்துக்குள் மூன்று மீட்டர்
ஒரு முழமாகிவிட்டது.

இரண்டே இலக்கம்தான் எல்லாம் என்றார்கள்.
ஷோனெட் காலால் தட்டி எண்ணினாள்:
அடி, மௌனம், அடி, அடி.
அவளுக்கு முதல் மதிப்பெண்.
எனக்கு விரல் போதவில்லை.

நவம்பரில் ஒரு வெள்ளி இரவு
தூக்கக் கலக்கத்தில் யோலோ
ஒரே வடத்தின் இரண்டு முனையையும்
ஒரே ஸ்விட்சில் செருகிவிட்டார்.
ஒரு கேள்வி கிளம்பியது: இந்த முகவரி யாருடையது?
சுற்றியது. தன்னைப் பிரதியெடுத்தது.
பிரதியும் சுற்றியது.
நாற்பத்தெட்டு விளக்கும் சேர்ந்து துடித்தன.
பெந்தெகொஸ்தே நாளின் தீ நாக்குகள் என்று நினைத்தேன்,
இல்லை, பாபேல்.
'கேட்ட விலையையே எல்லோரும் திரும்பக் கேட்டால்
ஆடு எவன் கைக்கும் போய்ச் சேராது'
என்றார் யோலோ, முகம் வெளிறி.

ஆய்வகப் பொறுப்பாளன் தோபியாஷ், எங்கள் எல்லோருக்கும் இளையவன்,
வறுவல் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தான்.
'ஒன்றைப் பிடுங்குங்கள்.'
எதை?
அவனுக்கும் தெரியவில்லை.
மூன்றாவதைப் பிடுங்கியதும் அமைதி.
ஒவ்வொரு விளக்கும்
தன் தன் மூச்சுக்குத் திரும்பியது.

இதைத் தடுக்கவும் வழி உண்டாம், அடுத்த வாரப் பாடம்.
வளையம் தென்பட்டால் ஸ்விட்ச்
ஒரு வாயிலைத் தானே அடைத்துக்கொள்ளும்.
அறுப்பதில்லை. வடம் செருகியபடியே இருக்கும்.
வேறு பாதை முறிந்தால் திறந்துகொள்ளும்.
தங்கை நெஸ்டாவும் நானும்
நான்கு வருடமாய் இருக்கும் நிலைக்கு
ஒரு பெயர் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

ஜனவரித் தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வி:
தரவுப் பொட்டலத்துக்கு ஆயுள் எதற்கு?
இதைப் போன்ற ஒன்றுக்கு
முன்பு முந்நூறு பக்கம் எழுதித் தோற்றவள் நான்.
இங்கே இரண்டு வரி கேட்டார்கள், எழுதினேன்:
சேர இடமில்லாதவை வழியை அடைத்து அலையாதிருக்க.
தன் நேரம் முடிந்ததும் அது விழும்.

தாள் திரும்பி வந்தது. ஒன்றரை.
'நேரம்' என்பதன் கீழே சிவப்புக் கோடு:
பெயரில் மட்டும்தான் காலம்.
எண்ணுவது, தாண்டிய வாசல்களை.
ஒவ்வொரு திசைவியும் ஒன்று கழிக்கும்.

நிறுத்தத்தில் நின்று எண்ணிப் பார்த்தேன்.
விற்ற ஆலயம், மருத்துவமனை இரவுப்பணி,
ஓவெயினோடு ஆறு வருடம், இந்த ஆய்வகம்.
அறுபத்து நான்கில் தொடங்கியிருந்தால்
நிறையவே மிச்சம்.

கைபேசியை எடுத்து நெஸ்டாவுக்கு
'இருக்கிறாயா?' என்று மட்டும் அனுப்பினேன்.
வேறொன்றும் சேர்க்கவில்லை.
பேருந்து வந்துவிட்டது.
மெனாய்ப் பாலம் தாண்டும்வரை
சிக்னல் இருக்காது.