ஏழாவது சுற்று

நாகலூர் சரிவில் நாற்பத்தெட்டு இரும்புக் கம்பிகள்,
ஐந்து மீட்டருக்கு ஒன்று.
சடையப்பன் சம்மட்டியால் அடிக்க
நான் ஒயர் மாட்டினேன்.
மின்சாரம் மண்ணில் இறங்கி
எதையோ சுற்றிக்கொண்டு மேலே வந்தது.
எதை என்பதுதான் கேள்வி.

உள்ளே இருப்பது தெரிந்தால் அளவைச் சொல்லிவிடலாம்.
அளவை வைத்து உள்ளே இருப்பதைக் கேட்டால்
ஒரே எண்ணுக்கு ஆயிரம் பாறைகள் கைதூக்குகின்றன.
ஒரு மில்லிவோல்ட் பிசகினால்
ஆழத்தில் ஓர் ஏரி முளைக்கிறது.

அஸ்தம்பட்டி மாடி அறையில்,
கரண்ட் போய் வந்த ராத்திரி இரண்டு மணிக்கு,
பொய்யென்று தெரிந்தே ஒரு மலையை வைத்துத் தொடங்குகிறேன்:
முழுக்கச் சார்னோகைட், ஒரு விரிசல் கிடையாது.
அந்த மலை என்ன சொல்லியிருக்கும் என்று கணக்குப் போடு,
இந்த மலை சொன்னதைக் கழி,
மிச்சத்தைக் கொண்டு மலையைத் திருத்து.
கொஞ்சம்தான்.
மிச்சத்தை முழுதாக நம்பிக் காலை வைத்தால்
வளைவு தப்பிய லாரிதான்.
நேர்கோடு இல்லாத கணக்கு இது,
அடுத்த கொண்டை ஊசி வரைக்கும்தான் கண்ணுக்குத் தெரியும்.

மூன்றாம் சுற்றில் மேலே செம்மண் பிரிந்தது.
ஐந்தில், வடகிழக்கே சாய்ந்த ஒரு கருமை.
ஏழில் அது நாற்பது மீட்டரில் தடித்து நின்றது,
ஈரத் துணிக்குப் பின்னால் ஆள் நிற்பதுபோல.
மிச்சம் மூன்று சதவீதம்.
கருவியின் நடுக்கமும் மூன்று சதவீதம்.

நிறுத்த வேண்டிய இடம் அது.

போன வருஷம் வாழவந்தியில் நான் நிறுத்தவில்லை.
பதினைந்து சுற்று ஓட்டினேன்.
மிச்சம் குறையக் குறையப் படம் தெளிந்தது:
விளிம்பு, கிளை, கத்தரித்து வைத்த மாதிரி ஒரு குளம்.
காப்பித் தோட்டத்து எட்வின் துரைராஜ்
சட்டம் போட்டு மாட்டலாம் என்றார்.
இருநூற்று எண்பது அடி. வெள்ளைத் தூசி.
ரிக் வண்டிக்காரர்களின் புருவம் வரை வெளுத்தது.
பிறகுதான் புரிந்தது,
அந்தக் குளம் வேலிக் கம்பியில் கசிந்த மின்சாரம்.
நடுக்கத்துக்கு உருவம் கொடுத்திருக்கிறேன்,
அவ்வளவு அக்கறையாக.

இன்று பஞ்சாயத்து ஆபீசில் எழிலரசி மேடம்
படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார்.
"என்னம்மா, இன்னும் கொஞ்சம் தெளிவா வராதா?"
வரும்.
எட்டாவது சுற்றுக்கு ஒரு பொத்தான் போதும்.
"இந்த மங்கல் வரைக்கும்தான் மேடம் எனக்குத் தெரியும்."
அவர் பேனா மூடியைக் கடிக்கிறார்.
மேஜையில் இருபத்திரண்டு வீட்டின் குடிநீர் மனு.

வெளியே சடையப்பன்
கம்பிகளின் மண்ணைத் துடைத்து எண்ணுகிறார்.
நாற்பத்தேழு.
மறுபடி முதலிலிருந்து எண்ணுகிறார்.