ஏழாம் அறைச் சாவி

ஏழாம் அறைக்காரர் சாவியைத் தொலைத்துவிட்டு வந்து நின்றார்.
லுக்கிங் ஃபார் என்று சொல்லியிருக்க வேண்டும்,
லுக்கிங் ஆஃப்டர் என்றேன்.
பத்திரமாக இவளிடம்தான் இருக்கிறதாக்கும் என்று
அந்த மனிதர் நிம்மதியாய்க் கடற்கரைச் சாலைக்குக்
காற்று வாங்கப் போய்விட்டார்.
நான் சுஃப்ரேன் வீதி நெடுக
செல்போன் வெளிச்சத்தில் குனிந்து நடந்தேன்,
ராத்திரி பதினொன்றரை வரை.
காகிதப்பூத் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தது.

பதிவேட்டில் மேனேஜர் பிரகலாதன்
பச்சை மையால் வட்டம் போட்டிருந்தார்.
வினை ஒன்றுதான் அமலோற்பவம்,
வால் மாறினால் வேறு வினை வந்து சேரும்.
அவருக்கு மூலம். நின்றபடியேதான் திட்டுவார்.

நம் உருபு சாது.
பெயரின் முதுகைப் பிடித்துக்கொண்டு
பில்லியனில் வரும்.
இவர்களுடையது இறங்கி முன்னால் நடக்கிறது,
பின்னால் வருவது யாரென்று
திரும்பிக்கூடப் பார்க்காமல்.
ஆட்டோவுக்கு இன். பஸ்ஸுக்கு ஆன்.
ஏன், நான் என்ன கூரைமேலா போகிறேன்?
நைட் ஷிப்ட் முடிந்து அரியாங்குப்பத்துக்குத் திரும்பும் கடலூர் பஸ்ஸில்,
மரப்பாலம் திருப்பத்தில்,
படியில் ஒற்றைக் காலோடு நிற்கும்போது மட்டும்
ஆன் சரிதான் என்று படும்.

ஐந்தாம் அறைப் பெண்ணுக்கு
மூக்கு நுனி வெயிலில் உரிந்திருந்தது.
காப்பி கொடுக்கப் போன இடத்தில் கேட்டாள்,
கல்யாணம் ஆயிற்றா என்று.
ஐ வாஸ் மேரீட் வித் சவரிநாதன் என்றேன்.
சிரித்தாள், கெட்ட சிரிப்பில்லை.
அங்கே வித் வராது. டு.

வித் வராது.
அதை நானே கண்டுபிடிக்கப்
பதினோரு வருஷம் ஆனது.
மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை வாசித்தார்கள்.
சவரிநாதனுக்குக் கொடுத்திருக்கு என்றுதான்
தெருவே சொன்னது.
அன்றிலிருந்து எல்லாம் நாலாம் வேற்றுமை.
சோறு அவனுக்கு. சம்பளக் கவர் அவனுக்கு.
அவனுக்குப் பயந்து, அவனுக்குத் தெரியாமல்,
அவனுக்கு முன்னால் எழுந்து.
பயத்துக்கு இங்கிலீஷில் ஆஃப் போடணுமாம்.
போட்டுப் பார்த்தேன்,
பயம் ஆஃப் ஆகவில்லை.

அவனோடு நல்லபடியாக வாழ வேண்டும் என்று
பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
எப்போதோ எழுதி வைத்திருந்தேன்.
உதடு வீங்கியிருந்த ஒரு தபசு காலத்து வெள்ளிக்கிழமை
அந்த முதல் சொல்லைப் பிரித்துப் படித்தேன்.
அவன்.
ஓடு.

மூன்றாம் வேற்றுமை இவ்வளவு வெளிப்படையாகப் பேசும் என்று
யாரும் எனக்குச் சொன்னதில்லை.
ஒரு பை, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்,
கையில் கிடைத்த செருப்பு, அதுவும் ஜோடி மாறி.

அறையைக் காலி செய்யும்போது அந்தப் பெண் கேட்டாள்,
இப்போது?
ஸெபரேட்டட், என்று தொடங்கினேன்.
நாக்கு நுனியில் நாலைந்து குட்டிச் சொற்கள் முண்டியடித்தன,
நான் போறேன் நான் போறேன் என்று.
ஃப்ரம் என்றேன்.
அதை அவள் திருத்தவில்லை.

பெட்டியைத் தூக்கி ஆட்டோவில் வைத்தேன்.
இன்.