அறிவிக்க எதுவுமில்லை

மஸ்கட், இரவு பதினொன்றரை.
என் பெட்டி முப்பது கிலோ நூறு கிராம்.
அந்த நூறு கிராமை
கவுன்ட்டர்க்காரன் பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுத்தான்.

இனி வாங்குவதெல்லாம் கையில்தான் வரும்.
அதற்கென்றே ஒரு கடை.
கதவு கிடையாது, படி கிடையாது.
விமானத்துக்குப் போகும் வழியே
அதன் வயிற்றுக்குள்தான் வளைந்து போகிறது.

வரியில்லை என்று வெளிச்சத்தில் எழுதியிருந்தார்கள்.
ரியாலுக்கு இருநூற்றுப் பதினெட்டு என்று
மனசுக்குள் பெருக்கிக்கொண்டே நடந்தேன்.
ரூவியில், வரியோடு சேர்த்து,
மூன்றே கால் ரியாலுக்கு
வேண்டாமென்று வைத்துவிட்டு வந்த சாக்லேட் டப்பா
இங்கே நாலு ரியால் தொள்ளாயிரம் பைசா.
இறக்கியது வரியை.
ஏற்றியது எதை?

ராயபுரத்தில் ஏழாம் வகுப்பு.
சுங்கம் தவிர்த்த சோழன் யார்?
ஒரு மார்க்.
குலோத்துங்கன் என்று எழுதி வாங்கிவிட்டேன்.
அவன் தவிர்த்த மறுநாள்
கடைக்காரர்கள் விலையைக் குறைத்தார்களா என்று
கேள்வித்தாளில் கேட்கவில்லை.

போனில் அக்கா வீட்டுக்காரர் டொமினிக்:
"ஜெசிந்தா, உன் ரெண்டு லிட்டர்
சும்மாதான போவுது?"

என் பெயரில் இருப்பவை:
ஒரு பாஸ்போர்ட்,
முடியாத ஒரு வங்கிக் கடன்,
ஹாஸ்டலில் பூட்டு சரியில்லாத ஓர் இரும்பு அலமாரி.
நாலாவதாக இந்த இரண்டு லிட்டரும் இருப்பதை
டொமினிக் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.
பங்கும் பிரித்தாயிற்று.
ஒரு லிட்டர் அவருக்கு,
ஒரு லிட்டர் அவருடைய யார்டு சூப்பர்வைசருக்கு.

சென்ட் பக்கம் போனேன்.
பதினாலரை ரியால்.
போன லீவில் இதே பாட்டிலை
பர்மா பஜார் நூருல்லா கடையில் பார்த்தேன்,
இரண்டாயிரத்து நானூறு.
ஒரிஜினலா பாய்?
"ஒரிஜினல் எதுக்கும்மா,
வாசனை வருதான்னு பாருங்க."

"மேடம், உங்களுக்கு என்ன வேணும்?"
மணிலாப் பெண்.
பன்னிரண்டு மணி நேரம் நின்ற கணுக்கால்.
அந்த வீக்கத்தை எந்த வார்டிலும் அடையாளம் சொல்வேன்.

எனக்கு என்ன வேண்டும் என்று
பதினோரு வருஷத்தில் கேட்டவள் இவள்.
சம்பளத்துக்குக் கேட்கிறாள்.
இருக்கட்டுமே.
வலிக்குதா என்று
நானும் சம்பளத்துக்குத்தானே கேட்கிறேன்.

பார்க்கத்தான் வந்தேன் என்றேன்.
சிரித்துவிட்டு
இடது மணிக்கட்டில் ஒன்று அடித்தாள்,
வலதில் வேறொன்று.
பில் போடவில்லை.

லாபமா என்று கேட்டால்
அந்த இருபது நிமிஷம் லாபம்.
ஏதாவது வாங்கியிருந்தால்
அதுவும் போயிருக்கும்.

சென்னை. பச்சை வழி.
"எதாவது இருக்காம்மா?"
ஒண்ணுமில்ல சார்.
கையிரண்டையும் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டேன்.

முதல் மெட்ரோ.
உயர்நீதிமன்றம், மண்ணடி, வண்ணாரப்பேட்டை
எல்லாம் தூக்கத்தில் போயின.
தண்டையார்பேட்டை தாண்டி
ரயில் மண்ணுக்கு மேலே ஏறியபோது விடிந்திருந்தது.
அடுத்த நிலையம்
சுங்கச்சாவடி, என்றது குரல்.
வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.
பக்கத்து சீட்டுக்காரர்
சாப்பாட்டுக் கூடையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.
வரலாற்று மிஸ்ஸே,
சோழன் இந்தப் பக்கம் வரவே இல்லை.

படியிறங்கினால்
துறைமுகத்துக்குக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள்,
டீசல்,
மணலி எண்ணெய் வாடை,
காசிமேட்டிலிருந்து வரும் ஐஸ்பெட்டித் தண்ணீர்.
எல்லாம் வரிசையாக வந்து
என் மணிக்கட்டில் ஆளுக்குக் கொஞ்சம் வசூலித்தன.

பைக்கில் சாய்ந்தபடி டொமினிக்.
முகத்தைப் பார்க்கவில்லை,
கையைப் பார்த்தார்.
"இன்னா, வெறுங்கையோட வந்துகினு கீற?
கவர் எங்க?"

பெட்டியை வாங்கக் குனிந்தவர்
மூக்கை உறிஞ்சினார்.
"சென்ட்டா? நல்லாகீதே.
இன்னா வெல?"

ரெண்டு லிட்டர், என்றேன்.