சுங்கான்

ஏழாம் நம்பரில் தலையணைக்கு அடியில் கிடந்தது.
விட்டுப்போன சாமான் நோட்டில்
‘பைப் - 1’ என்று எழுதிவைத்தேன்.
பிளம்பர் எப்போது வந்தான் என்று கேட்டார் முதலாளி.
அடித்துவிட்டுச்
‘சுங்கான்’ என்று திருத்தினேன்.

சவரியப்பன். வால்பாறை.
டீ ஃபேக்டரியில் இருந்து ஓய்வு பெற்றவர்.
கொள்ளிடக் கரையில் மூன்று மா நிலத்துக்காக
மாயவரம் கோர்ட்டில் கேஸ்.
வாய்தாவுக்கு வாய்தா வருவார்.
ஒரு ராத்திரி, அதே அறை, அதே வாளி.
அடுத்தது பதினெட்டாம் தேதி.

ஊதிப் பார்த்தேன்.
காற்று முட்டி என் கன்னத்துக்கே திரும்பியது.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.
பதினோரு அறைக்கும் அடைப்பெடுப்பவன் நான்.
முடி, ஷாம்பூ பாக்கெட், கல்யாணப் பூ,
ஒரு தடவை மோதிரம்,
எல்லாம் என் வளைந்த கம்பியில் மேலே வந்திருக்கிறது.
ஒரு சாண் மரம் என்னை என்ன செய்யும்?

கடிவாயைத் திருகினேன். அசையவில்லை.
பலம் காட்டினால் கழுத்து பிளந்துவிடும்.
ஃப்ரிட்ஜில் வைத்தேன், தயிருக்குப் பக்கத்தில்.
காலையில் ஒரு முனகலோடு பிரிந்தது.
அன்றைக்குத் தயிர்சாதத்தில் புகை வாசம்.

குழிக்குள் கரி, தடித்த தோல் மாதிரி.
மழுங்கின கத்தியால் மரம் படாமல் சுரண்டினேன்.
மூணாம் நம்பரில் மீந்த வோட்கா,
வேதாரண்யம் உப்பு இரண்டு கரண்டி,
ராத்திரி முழுக்க ஊறியது.
விடியும்போது உப்பு
கொள்ளிடத்தில் புதுத்தண்ணி வருகிற நிறத்தில் இருந்தது.

துடைப்பத்து ஈர்க்கில் பஞ்சு சுற்றித்
தண்டுக்குள் விட்டேன். பாதிவழியில் நின்றது.
இன்னொன்று. அதுவும்.
மூன்றாவது உள்ளேயே ஒடிந்தது.
வாயில் வந்ததைச் சொன்னேன்.
ரூம் கேட்டு நின்ற குடும்பம்
பிள்ளைகளை இழுத்துக்கொண்டு படியிறங்கியது.

சைக்கிள் போக்ஸ் கம்பியைத் தீட்டி
மூணு நாள் குத்தினதில் வந்தது:
ஒடிந்த என் ஈர்க்கு,
அதன் பின்னால் கறுத்த கூழ்,
அதற்கும் பின்னால் ஒரு தீக்குச்சித் துண்டு.
மருந்துத் தலை கிள்ளியது. நேராக வெட்டியது.
சுற்றிலும் மெழுகு.

அப்போதே யோசித்திருக்கலாம்.
ஊதினேன்.
காற்று அந்தப் பக்கம் போய்
ரிஜிஸ்டரின் தாளைப் புரட்டியது.
அந்தச் சந்தோஷத்தில்
கடிவாயின் பச்சைப் படிவையும் பேஸ்ட் போட்டுத் தேய்த்தேன்.
பல்தடம் இரண்டு மட்டும் போகவில்லை.

பதினெட்டாம் தேதி பஸ்ஸில் கசங்கி வந்தார்.
பேப்பரில் பொதிந்து நீட்டினேன்.
வாயில் வைத்தார். பழக்கத்தில் இழுத்தார்.
முகம் மாறிவிட்டது.
‘யாரு அடைப்ப எடுத்தது?’
‘நான்தான் சார்’ என்றேன்,
டிப்ஸ் எதிர்பார்க்கிற குரலில்.
‘அடைச்சது நான்.’

நெஞ்சில் ஸ்டென்ட் வைத்துப் பதினாலு மாதம்.
விடச் சொன்னார்கள், விட்டார்.
‘ஆனா வாயில இது இல்லாம
எனக்குப் பேச்சு எழும்பாது தம்பி.
வக்கீல் கேக்குற கேள்விக்கு
எதையாவது கடிச்சிக்கிட்டுத்தான் யோசிக்க முடியுது.’

மேஜையில் எங்கள் இருவருக்கும் நடுவில்
ஓட்டை தெரியக் கிடந்தது.
இனி இழுத்தால் வரும்.
எதிரே பெட்டிக்கடை, பத்தடி.

கரண்ட் போனால் தருகிற மெழுகுவர்த்தியும்
தீப்பெட்டியும் எடுத்து வைத்தேன்.
ஒரு குச்சியின் தலையை பிளேடால் கிள்ளினார்.
கை நடுங்கியது. கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை.
அவரே உருக்கி, அவரே செருகி,
இழுத்துப் பார்த்துத்
தலையாட்டிக்கொண்டார்.
கோர்ட்டுக்குப் போனவர்
பன்னிரண்டு மணிக்கெல்லாம் திரும்பிவிட்டார். வாய்தா.

சாயங்காலம் நாலாம் நம்பரில்
தண்ணி இறங்கவில்லை என்று மணியடித்தார்கள்.
கம்பியோடு போனேன்.
குத்துவதற்கு முன்னால், என்னவோ,
‘எடுத்துடலாமா?’ என்று கேட்டேன்.
ஒருமாதிரி பார்த்தார்கள்.